கேட்கத் தெரிந்த வீடு

(நாமக்கல்லில் தொலைக்காட்சிக்காக நடந்த பட்டிமன்றம். தலைப்பு: 'தொலைக்காட்சி வினாடி வினா வளர்ப்பது அறிவையா? ஆசையையா?' 'அறிவையே' என்ற அணியில் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! வழக்காட வந்திருக்கிற எதிரணி நண்பர்களே! என் அணியின் அன்புச் செல்வங்களே! வேலையை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவர்கள் போல அவசர அவசரமாக வந்து முன் வரிசையைப் பிடித்திருக்கிற தாய்மார்களே! அவர்கள் பிடித்துக் கொடுத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே! (சிரிப்பு) 

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் என்ன சொன்னார்கள்? "வினாடி வினா நிகழ்ச்சியில் யாராவது அறிவுக்காக உட்கார்ந்திருக்கிறார்களா? எல்லாரும் கோடிக்காக உட்கார்ந்திருக்கிறார்கள்" என்றார்கள். பலத்த கைதட்டல். நானும் தட்டினேன். நல்லா பேசினா தட்டணும்ல? தட்டிட்டு யோசிச்சேன். கோடி வாங்குறது யாரு? நாற்காலியில உட்கார்ந்திருக்கிற ஒருத்தர். பார்க்கிறது எத்தனை பேர்? லட்சம் வீடு. அந்த லட்சம் வீட்டுக்கு ஒரு ரூபாய் உண்டா? கிடையாது. கரண்ட் பில்தான் உண்டு. (சிரிப்பு, கைதட்டல்) காசு வராது என்று தெரிந்தும் பாதி சாப்பாட்டில் கையைத் தூக்கிக்கொண்டு, "பி! பி! பின்னு சொல்லுடா!" என்று ஒரு தாத்தா கத்துகிறாரே, அவரைக் கத்த வைப்பது ஆசையா, அறிவா? நடுவர் அவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு எதிரணித் தம்பி சொன்னார், "இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த விளையாட்டு" என்று. ஐயா, கோடி ரூபாய் நிகழ்ச்சி இங்கிலாந்தில் 1998-ல் பிறந்தது, உண்மை. அமிதாப் பச்சன் அதை இந்தியில் கொண்டு வந்தது 2000 ஜூலையில், உண்மை. அதற்கு முன்னால் 1985-ல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு ஒரு வினாடி வினா நடத்தினார். அதற்கும் முன்னால் 1972-லேயே வானொலியில் போர்ன்விட்டா வினாடி வினா. எல்லாம் உண்மை.

ஆனால் அதுக்கெல்லாம் முன்னால மதுரையில ஒரு நிகழ்ச்சி நடந்ததாகத் திருவிளையாடல் கதை சொல்லுதே! நடத்தியவர் பாண்டிய மன்னர். கேள்வி ஒன்றே ஒன்று: பெண்களின் கூந்தலுக்கு மணம் இயற்கையா, செயற்கையா? பரிசு ஆயிரம் பொன். போட்டியாளர் தருமி. விடை தெரியவில்லை. என்ன செய்தார்? 'நண்பருக்கு ஒரு போன்' என்கிற வசதியைப் பயன்படுத்தினார். (சிரிப்பு) நண்பர் யார்? சாட்சாத் சிவபெருமான்! அப்பேர்ப்பட்ட நண்பர் கொடுத்த விடையையும் தப்பு என்று சொல்ல ஒரு நடுவர் இருந்தார். நம் நடுவர் நக்கீரர் பரம்பரை. அதனால் நான் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே பேசுகிறேன். (நடுவர் சிரிக்கிறார். கைதட்டல்)

ஏட்டுப் படிப்புக்கு வருவோம். நான் தமிழ் வாத்தியார். எனக்கு வினா என்றால் நன்னூல்தான் நினைவுக்கு வரும். பவணந்தி முனிவர் வினாவை ஆறு வகையாகப் பிரித்தார். அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. பயப்படாதீங்க, பரீட்சை வைக்கப் போறதில்லை. எல்லாமே உங்க வீட்டுல தினமும் நடக்கிறதுதான்.

கடைக்காரரிடம் போய், "துவரம்பருப்பு இருக்குங்களா?" என்று கேட்கிறோமே, அது கொளல் வினா. வாங்கிக்கொள்ளக் கேட்பது. "தம்பிக்குச் சட்டை இல்லையா?" என்று மாமா கேட்டால் கொடை வினா. கொடுக்கக் கேட்பது. "அங்கே நிற்பது பாம்பா, கயிறா?" ஐய வினா. சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது, "ஏனுங்க, பால் வாங்கியாந்தீங்களா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வருகிறதே... அது கேள்வி மாதிரி இருக்கும். கேள்வி இல்லை. அது ஏவல் வினா! செருப்பைக் கழற்றாமல் அப்படியே திரும்பிப் போக வேண்டும் என்று பொருள். (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

மிச்சம் இரண்டு. அவைதான் இன்றைக்கு என் வழக்கு. தனக்கு விடை தெரிந்திருந்தும் எதிரில் இருப்பவருக்குத் தெரிகிறதா என்று பார்க்கக் கேட்பது அறிவினா. வாத்தியார் கேட்பது. தனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்பது அறியா வினா. குழந்தை கேட்பது.

எதிரணியின் குற்றச்சாட்டு என்ன? "வினாடி வினா முழுக்க அறிவினா. விடை அட்டையில் இருக்கு. ஒப்பிக்கிறவன் ஜெயிக்கிறான்." நான் ஒத்துக்கொள்கிறேன். மேடையில் நடப்பது அறிவினாதான். ஆனால் ஐயா, பெட்டிக்கு இந்தப் பக்கம் வீட்டில் என்ன நடக்கிறது? அறிவினா ஒன்று உள்ளே வந்து விழுகிறது. அடுத்த நிமிஷம் பிள்ளை கேட்கிறான், "ஏம்ப்பா அப்படி?" அது அறியா வினா. அறிவு அங்கேதான் முளைவிடுகிறது.

நம்ப மாட்டீங்களா? இங்கேயே நடத்திப் பார்த்துவிடுவோம். கேள்வி எல்லாம் நம்ம சேலம், நாமக்கல் கேள்விதான். கோடி கிடையாது. பொத்தானும் கிடையாது. வாயைத் திறந்தால் போதும்.

முதல் கேள்வி. ஆங்கிலத்தில் கதை எழுதி உலகப் புகழ் பெற்றவர் ஆர்.கே. நாராயண். அந்த 'ஆர்' எதைக் குறிக்கிறது? (கூட்டத்திலிருந்து: "ராமன்!" "ராஜகோபால்!") ராமனும் இல்லை, ராஜகோபாலும் இல்லை. இங்கிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்ச் சேர்கிற நம்ம இராசிபுரம்! (பலத்த கைதட்டல்) கார்ட்டூன் வரைந்த அவர் தம்பி ஆர்.கே. லட்சுமணனுக்கும் அதே இராசிபுரம்தான். இப்ப முன் வரிசைப் பாப்பா என்ன கேட்கணும்? "அவர் பிறந்தது சென்னை. கதையில் வருவது மால்குடி. பெயரில் மட்டும் ஏன் இராசிபுரம்?" அப்போதுதான் தாத்தா சொல்வார், "சாமி, அந்தக் காலத்துல பேருக்கு முன்னால பூர்வீக ஊர் நிக்கும். ஆள் எங்க போனாலும் ஊர் கூடவே போகும்" என்று. ஒரு எழுத்தைக் கேட்டோம். ஒரு பரம்பரைக் கதை வந்துவிட்டது.

இரண்டாவது கேள்வி. மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்'. 1938-ல் வந்தது. அதைத் தயாரித்த நிறுவனம் எந்த ஊர்? கொச்சியா, திருவனந்தபுரமா, கோழிக்கோடா? (கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர்: "சேலமுங்க!") பெரியவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள். (கைதட்டல்) சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ்! திருச்செங்கோட்டுக்காரர் டி.ஆர். சுந்தரம் கட்டிய கோட்டை. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்று கொண்டாடப்படுகிற 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் அங்கேயிருந்துதான் வந்தது. ஏற்காடு சாலையில் அந்த நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் போகிற பிள்ளைக்கு அது என்னவென்று தெரியாது. இந்த ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அடுத்த முறை அந்த வழியில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டும். வினாடி வினா செய்கிற வேலை அதுதான். பார்த்த ஊரையே மறுபடி பார்க்க வைக்கும்.

மூன்றாவது கேள்வி தாய்மார்களுக்கு. ஜவ்வரிசி எந்த வகை அரிசி? (கூட்டத்தில் சிரிப்பு. "கிழங்குங்க! மரவள்ளி!") பார்த்தீங்களா, சேலம் ஜில்லாவில் இந்தப் பருப்பு வேகாது. (சிரிப்பு) வெளியூரில் கேட்டால் பாதிப் பேர் அரிசி என்றே சொல்லுவார்கள். சரி, மரவள்ளி எந்த நாட்டுப் பயிர்? தென் அமெரிக்கா. போர்த்துகீசியர் கப்பலேறி உலகம் சுற்றி வந்தது. ஜவ்வரிசி மட்டும் ஆதியில் மரவள்ளியில் செய்ததில்லை. மலேயா பக்கம் ஒரு பனை போன்ற மரத்தின் தண்டிலிருந்து எடுத்த மாவில் செய்தது. இரண்டாம் உலகப் போர் வந்தது. கப்பல் நின்றது. சரக்கு வரவில்லை. 1940-களில் சேலத்து ஆட்கள், "மரம் இல்லாட்டி என்ன, கிழங்கு இருக்கே" என்று மரவள்ளி மாவில் உருட்டிப் பார்த்தார்கள். இன்றைக்குச் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 2023-ல் கிடைத்தது. ஒரு டம்ளர் பாயசத்துக்குள்ளே போர்த்துகீசியக் கப்பலும் உலகப் போரும் முங்கிக் கிடக்கிறது! (கைதட்டல்)

நான்காவது. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக வந்த மாவட்டம் எது? நம்ம சேலம். 1937 அக்டோபர் முதல் தேதி. கொண்டு வந்தவர் இராஜாஜி. அவரே 1917-ல் சேலம் நகராட்சித் தலைவராக உட்கார்ந்தவர். இதோடு நிறுத்தினால் அது துணுக்கு. ஒரு பிள்ளை, "ஏனுங்க, கள்ளுக்கடையை மூடினா சர்க்காருக்கு வருமானம் போயிருக்குமே, என்ன பண்ணினாங்க?" என்று கேட்டால்? அங்கே அறிவு பிறக்கிறது. என்ன பண்ணினார்கள்? 1939-ல் பொது விற்பனை வரி கொண்டு வந்தார்கள். அந்த வரி வளர்ந்து, பெயர் மாறி, 2007-ல் வாட் ஆகி, 2017-ல் ஜி.எஸ்.டி. ஆகி, இன்றைக்கு உங்கள் மளிகைக்கடை பில்லில் கடைசி வரியில் உட்கார்ந்திருக்கிறது. மதுவிலக்குக் கேள்வியில் ஆரம்பித்தோம், மளிகைக்கடையில் முடித்தோம். (கைதட்டல்)

எதிரணித் தம்பி கேலியாக ஒன்று கேட்டார். "வல்வில் ஓரி ஒரே அம்பில் ஐந்து விலங்கை வீழ்த்தினான் என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? எண்ணிக்கைதானே?" என்றார். தம்பி, அந்த ஐந்து என்னென்ன? யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்பு. புறநானூற்றில் வன்பரணர் பாடியது. கொல்லிமலைக்கு இன்றைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிறோமே, ஒரு காலத்தில் அங்கே யானையும் புலியும் நடமாடியதாக அந்தக் கணக்கு சொல்கிறது. அதைவிட அழகு, அந்த வேடன் யார் என்று புலவருக்குத் தெரியாது. இவன் ஓரிதானோ, வேறு ஆளோ என்று திகைக்கிறார். அதுதான் ஐய வினா! ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய நம் பாட்டே ஒரு கேள்விக்குறியில் நிற்கிறது. நீங்கள் எண்ணிக்கையோடு எழுந்து போய்விட்டீர்கள். கொஞ்சம் உட்கார்ந்திருந்தால் காடே தெரிந்திருக்கும். (பலத்த கைதட்டல்)

"எல்லாம் செல்போனில் இருக்கிறது. கேட்டால் சொல்லும். மனுஷன் ஏன் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்?" என்று இன்னொரு வாதம். 2011-ல் அமெரிக்காவில் 'ஜெபர்டி' என்ற வினாடி வினாவில் 'வாட்சன்' என்கிற கணினி இரண்டு பெரிய மனித வீரர்களைத் தோற்கடித்தது. அந்தக் கணினி ஒரு இடத்தில் சறுக்கியது. அமெரிக்க நகரம் ஒன்றைக் கேட்டார்கள். விடை சிகாகோ. அது என்ன சொன்னது தெரியுமா? டொராண்டோ! அது கனடாவில் இருக்கிறது. நம்ம ஊரில், "தமிழ்நாட்டு நகரம் ஒன்று சொல்" என்றால் பெங்களூரு என்று சொன்ன மாதிரி. (சிரிப்பு) தப்பு செய்தது பெரிதில்லை, நானும் செய்வேன். ஆனால் அது வெட்கப்படவில்லை. ராத்திரி தூங்காமல் புரளவில்லை. மறுநாள் நூலகத்துக்குப் போகவில்லை. மனுஷன் போவான். நான் போனேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

2013-ஆம் வருஷம். ஓர் உள்ளூர்த் தொலைக்காட்சிக்காகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வினாடி வினா. நான்தான் கேள்வி கேட்பவர். கேள்வி எழுதியவனும் நான்தான். கையில் அட்டை, கழுத்தில் துண்டு, முகத்தில் பவுடர். (சிரிப்பு) இறுதிச் சுற்று. இரண்டு பள்ளிகள். ஒன்று பெரிய பள்ளி. இன்னொன்று கிராமத்து அரசுப் பள்ளி. நான் கேட்டேன், "இந்தியாவின் தேசிய விளையாட்டு எது?"

அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் குழந்தை டக்கென்று பொத்தானை அழுத்தினாள். எழுந்து நின்றாள். "சார், அப்படி ஒண்ணு அறிவிக்கவே இல்லைங்க சார்" என்றாள்.

நான் சிரித்தேன். கூட்டமும் சிரித்தது. "தவறு" என்றேன். அடுத்த அணி, "ஹாக்கி". "சரியான விடை, பத்து மதிப்பெண்." அந்தப் பத்திலேதான் அரசுப் பள்ளி தோற்றது.

அந்தக் குழந்தை அழவில்லை. எதிர்த்துப் பேசவும் இல்லை. என் கையில் இருந்த அட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குச் சோறு இறங்கவிடவில்லை. மறுநாள் நூலகத்துக்குப் போய்ப் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினேன். 2012-ல் லக்னோவில் ஒரு பள்ளிச் சிறுமி தகவல் உரிமைச் சட்டத்தில் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள். எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று மத்திய விளையாட்டு அமைச்சகம் பதில் கொடுத்திருக்கிறது. நான் பள்ளியில் படித்தது தப்பு. அதையே இருபது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் தப்பு. சரியான விடை சொன்ன குழந்தையை மேடையில் வைத்து, 'தவறு' என்று சொல்லித் தோற்கடித்தவன் முனைவர் பட்டம் வாங்கிய நான். (அரங்கில் அமைதி)

திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகிற பக்கம் அவர்கள் வீடு. விசாரித்துக்கொண்டு போனேன். ஓட்டு வீடு. வெளியே ஒரு லாரி நின்றது. அப்பா லாரி டிரைவர். அன்றைக்குத்தான் லோடு இறக்கிவிட்டு வந்திருந்தார். "வாங்க சார், வாங்க. உக்காருங்க. என்ற புள்ள ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டாளுங்களா?" என்று எழுந்து நின்றார். ஐயா, வாத்தியார் வீட்டுக்கு வந்தால் பிள்ளை தப்புச் செய்திருக்கும் என்றுதான் ஏழைத் தகப்பன் நினைக்கிறான். "தப்புப் பண்ணினது நானுங்க" என்றேன்.

உள்ளே சுவரில் இந்திய வரைபடம் ஒட்டியிருந்தது. முழுக்கப் பென்சில் புள்ளி. "இதென்ன கண்ணு?" என்று கேட்டேன். "அப்பா லோடு ஏத்திட்டுப் போனா ராத்திரி போன் பண்ணுவாங்க சார். எந்த ஊர்ல இருக்காங்களோ அங்க புள்ளி வைப்பேன். நாக்பூர், இந்தூர், கான்பூர்..." அம்மா சொன்னார்கள், "அவுங்கப்பன் எங்க இருக்காருன்னு அந்தப் படத்தைப் பார்த்துத்தானுங்க நாங்க ரெண்டு பேரும் தூங்குவோம்."

எதிரணி நண்பர்களே, பொது அறிவு என்றால் என்ன என்று என்னைக் கேட்டீர்கள். அப்பா இருக்கிற இடம் எங்கே என்று தேடிய ஒரு குழந்தைக்கு இந்திய பூகோளம் வந்தது. அதுதான் பொது அறிவு! (நீண்ட கைதட்டல்)

"கண்ணு, நீ சொன்னதுதான் சரி. நான் தப்பு" என்றேன். அந்தக் குழந்தை சந்தோஷப்படும் என்று நினைத்தேன். அவள் என்ன கேட்டாள் தெரியுமா? "சார், அப்ப முதன்முதல்ல ஹாக்கின்னு சொன்னது யாருங்க சார்?"

பவணந்தி முனிவர் அந்த வாசலில் வந்து நின்ற மாதிரி இருந்தது எனக்கு. நான் கேட்டது அறிவினா, அதுவும் தப்பான அறிவினா. அவள் கேட்டது அறியா வினா. எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் படித்த எனக்கு அதற்கு விடை தெரியவில்லை. அடுத்த வாரம் அவர்கள் பள்ளிக் காலை வழிபாட்டில் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் நின்று, "உங்கள் அணிதான் வென்றது" என்று சொன்னேன். கோப்பையைத் திருப்பி வாங்க முடியவில்லை. மதிப்பை மட்டும் திருப்பிக் கொடுக்க முடிந்தது.

எதிரணி இதை எடுத்துக்கொண்டு, "பார்த்தீர்களா, வினாடி வினாவில் தப்பான விடை ஜெயிக்கிறது" என்று சொல்லலாம். சொல்லுங்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். என் வகுப்பில் அந்தக் குழந்தை உட்கார்ந்திருந்தால் அப்படி எழுந்து சொல்லியிருப்பாளா? பரீட்சைத் தாளில் எழுதியிருந்தால் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. முடிந்தது கதை. ஊர் பார்க்க, வாத்தியார் முகத்துக்கு நேரே, 'உங்கள் விடை தப்பு' என்று ஒரு பிள்ளை சொல்ல இடம் கொடுத்தது எது? அந்த வினாடி வினா மேடை! (பலத்த கைதட்டல்)

விடை மாறிக்கொண்டே இருக்கும் ஐயா. நான் படிக்கும்போது கோள்கள் ஒன்பது. 2006-ல் புளூட்டோவைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள், இப்போது எட்டு. நான் படிக்கும்போது நாமக்கல் சேலம் மாவட்டத்தில் ஓர் ஊர். 1997 ஜனவரி முதல் தேதியிலிருந்து தனி மாவட்டம். அதற்கும் முன்னால் 1965-ல் தருமபுரி பிரிந்தது. தருமபுரியிலிருந்து 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்தது. தாய், மகள், பேத்தி வரைக்கும் வந்தாச்சு. (சிரிப்பு) விடையை மட்டும் மனப்பாடம் செய்தவன் பழைய காலண்டரைப் பார்த்து நாள் குறிக்கிறவன். கேட்கத் தெரிந்தவன்தான் தேதியைக் கிழிக்கிறான்.

இந்த ஊரில் நின்று இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் மாவட்டம் பல வருஷம் மதிப்பெண்ணுக்குப் பெயர் போனது. எங்கெங்கிருந்தோ பிள்ளைகளைக் கொண்டுவந்து நம் விடுதிப் பள்ளிகளில் விட்டார்கள். 'பிராய்லர் பள்ளி' என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலியே ஒரு பொது அறிவுத் தப்பு! பிராய்லருக்குப் பல்லடம் பக்கம் போகணும். நாமக்கல்லில் இருப்பது முட்டைக்கோழி. (பலத்த சிரிப்பு, கைதட்டல்) கேலியை விடுங்கள், வலியைப் பாருங்கள். காலையில் நாலரை மணிக்கு எழுப்பி, ராத்திரி பத்தரை வரைக்கும் புத்தகத்தில் இருக்கிற கேள்வி, புத்தகத்தில் இருக்கிற விடை. 2017-ல் அரசு, முதலிடம் இரண்டாமிடம் என்று பெயர் அறிவிப்பதையே நிறுத்தியது. நல்ல காரியம். ஆனால் வீட்டுக்குள் நாம் அறிவிப்பதை நிறுத்தினோமா? பிள்ளை வாசலில் கால் வைத்ததும் நாம் கேட்கிற முதல் கேள்வி என்ன? "எத்தனை மார்க்?" அது கேள்வியா? ஏவல் வினா ஐயா, ஏவல் வினா!

அந்த வீட்டில் மார்க் இல்லாத கேள்வி நுழைகிற ஒரே வாசல் எது? ராத்திரி எட்டு மணிக்கு ஒரு வினாடி வினா. அந்த அரை மணி நேரம் பாட்டிக்குத் தெரிந்தது பேரனுக்குத் தெரியாது. பேரனுக்குத் தெரிந்தது அப்பாவுக்குத் தெரியாது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தின அம்மா, சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து சரியான விடையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். வீடே திரும்பிப் பார்க்கும். "அம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று பிள்ளை முதன்முதலாகக் கேட்கும். அந்த அம்மாவுக்கு எந்தச் சேனல் கோடி கொடுத்தாலும் இந்த ஒரு நிமிஷத்துக்கு ஈடாகுமா? (நீண்ட கைதட்டல்)

ஆசையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1950-களில் அமெரிக்காவில் 'ட்வெண்டி ஒன்' என்று ஒரு நிகழ்ச்சி. சார்லஸ் வான் டோரன் என்பவர் ஜெயித்துக்கொண்டே போனார். நாடே கொண்டாடியது. 1959-ல் அவரே ஒத்துக்கொண்டார், விடைகளை முன்கூட்டியே கொடுத்தார்கள் என்று. அவர் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். (சிரிப்பு) எங்கள் ஜாதி! படித்தவனை ஆசை பிடித்தால் படிப்பு காப்பாற்றாது. அந்தக் குற்றத்தை வினாவின் தலையில் கட்டாதீர்கள். அது விலைக்கு வாங்கிய விடையின் குற்றம்.

அதே கோடியை இன்னொரு பக்கமும் பாருங்கள். 2020 ஜனவரியில், தமிழில் பெண்களுக்காக நடந்த நிகழ்ச்சியில் மதுரையைச் சேர்ந்த ஒரு பெண்மணி ஒரு கோடி வென்றார். அவரால் பேசவும் முடியாது, கேட்கவும் முடியாது. கேட்க முடியாதவர் எல்லாக் கேள்விக்கும் விடை சொன்னார்! தனக்குப் பேச்சு வராத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அன்றைக்கு அதைப் பார்த்த ஒரு தாய் இருந்திருப்பாரே, அவர் மனசில் வளர்ந்தது ஆசையா? ஆசை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆசைக்கு நம்பிக்கை என்று வேறொரு பெயர் இருக்கிறது. (கைதட்டல்)

நடுவர் அவர்கள் மணியைத் தொடுகிறார்கள். முடித்துக்கொள்கிறேன்.

அந்த லாரி டிரைவர் மகள் இன்றைக்கு என்ன செய்கிறாள் என்று உங்களுக்குத் தோன்றும். தேர்வாணையத் தேர்வு எழுதி, நில அளவராக வேலைக்குப் போய்விட்டாள். போன வருஷம் பஸ் நிலையத்தில் பார்த்தேன். "சார், இப்ப வரைபடத்துல புள்ளி வைக்கறதில்லைங்க, நானே வரைபடம் போடறேனுங்க" என்று சிரித்தாள். பஸ் புறப்படுகிற நேரத்தில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சார், அந்த ஹாக்கி யார் சொன்னதுன்னு கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்டாள். (சிரிப்பு, கைதட்டல்)

விடையைப் பத்து வருஷத்தில் மறந்துவிடலாம். வினாவை அவள் மறக்கவில்லை.

ஆகவே தாய்மார்களே, இன்றைக்கு வீட்டுக்குப் போங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் பெட்டியை நிறுத்துங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எத்தனை மார்க் என்று கேட்காதீர்கள். "சாமி, இன்னைக்கு உனக்கு எது புரியலை? வா, ரெண்டு பேரும் தேடலாம்" என்று கேளுங்கள். கேட்கத் தெரிந்த வீட்டில் வினாடி வினா வளர்ப்பது அறிவையே, அறிவையே என்று கூறி, அந்த வகையில் தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைப் பணிவோடு கேட்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)